ரைபிள் தோட்டா நிரப்பும்போது பிரைமர் தரும் தொல்லைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வேட்டைக்கும் இலக்குச் சுடும் போட்டிக்கும் ரைபிள் வைத்திருப்பவர்களில் பலர் சுட்ட தோட்டாவின் கூட்டை எடுத்துத் தாங்களே வீட்டில் மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு நிரப்ப அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்க வேண்டுமென்றால்தான் தேவை. இந்தியாவில் நிலைமை வேறு. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே கீழே வருவதெல்லாம் அமெரிக்கா போல, சட்டம் அனுமதிக்கும் இடத்தில் இதைச் செய்கிறவர்களுக்காக எழுதியது.

ஒரு தோட்டாவில் உள்ள கேஸ் (பித்தளைக் கூடு), பவுடர் (வெடிமருந்து), புல்லட் (பறந்து போகும் குண்டு), பிரைமர் (கேஸின் அடியிலுள்ள குழியில் உட்கார்ந்து தீ மூட்டுவது) என்ற நான்கில் பிரைமர்தான் மிகச் சின்னது. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது. சந்தேகம் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் "இந்த டப்பா பிரைமர் சரியில்லை" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். என் அனுபவத்தில் பிரைமர் குற்றவாளியாக இருப்பது அபூர்வம். அது உட்கார்ந்த குழியையும், அதை உட்கார வைத்த கையையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிரைமருக்குள் என்ன இருக்கிறது?

ஒரு மெல்லிய உலோகக் கிண்ணம். அதன் அடியில் அடி பட்டால் வெடிக்கும் மருந்து. பெரும்பாலும் ஈய ஸ்டிஃப்னேட் கலந்தது. மருந்தின் மேல் கால்கள் கொண்ட ஒரு சின்னத் தகடு, அதுதான் அன்வில். ஃபயரிங் பின் (ரைபிளுக்குள் இருக்கும் அடிக்கும் ஊசி) கிண்ணத்தை வெளியிலிருந்து அடிக்கும்போது மருந்து கிண்ணத்துக்கும் அன்விலுக்கும் நடுவே நசுங்கித் தீப்பிடிக்கிறது. அந்தத் தீ கேஸின் அடியிலுள்ள துளை வழியாகப் பாய்ந்து பவுடரைப் பற்றவைக்கிறது. அன்வில் எதன்மேல் ஊன்றி நிற்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல பதில்கள் அதில்தான் வந்து முடியும்.

முதல் அடியில் வெடிக்கவில்லை. அதே தோட்டா இரண்டாம் அடியில் வெடித்தது. பிரைமர் பழுதா?

அநேகமாக இல்லை. பிரைமர் குழியின் அடிவரை போகாமல் நின்றிருக்கிறது. முதல் அடியின் பலமெல்லாம் பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிட்டது. மெத்தையில் குத்தின மாதிரி. இரண்டாம் அடி விழும்போது அன்விலின் கால்கள் அடியைத் தொட்டு ஊன்றிவிட்டதால் மருந்து நசுங்கியது. முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாவதில் வெடித்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் இருக்க வேண்டும்.

ஏன் முழுதாக உட்காரவில்லை என்பதற்குக் காரணங்கள் சில உண்டு. குழியின் மூலைகளில் பழைய கரி கெட்டியாகப் படிந்திருக்கலாம். குழியே ஆழம் குறைவாக வெட்டப்பட்டிருக்கலாம். அதற்கு யூனிஃபார்மர் என்ற வெட்டும் கருவியால் ஒருமுறை சமன் செய்தால் போதும். இல்லையென்றால் அமுக்கியவர் பாதியில் நிறுத்தியிருக்கலாம். பயந்து பயந்து அமுக்குகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

உட்கார வைக்கும்போது விரலுக்கு என்ன தெரிய வேண்டும் என்று சொல்கிறேன். கையில் பிடித்து அமுக்கும் கருவியில் நெம்புகோலை மெல்ல அழுத்தினால், முதலில் பிரைமர் குழியின் விளிம்பில் புகும் லேசான தடை. அப்புறம் சீராக வழுக்கிக்கொண்டு இறங்கும். பிறகு அன்விலின் கால்கள் அடியைத் தொடும் இடத்தில் 'டக்' என்று ஒரு உறுதியான நிறுத்தம். அந்த நிறுத்தத்துக்குப் பிறகு இன்னும் துளி அழுத்தம் கொடுத்து முடிக்க வேண்டும். இந்த உணர்வு பிரஸ்ஸின் (மேசையில் பொருத்தும் நிரப்பும் இயந்திரம்) பெரிய நெம்புகோலில் அவ்வளவாகக் கிடைக்காது. அதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கைக்கருவியையே சிபாரிசு செய்கிறேன்.

எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும்?

கேஸின் அடித்தளத்திலிருந்து உள்நோக்கி 0.003 முதல் 0.005 அங்குலம் என்பது பலரும் பின்பற்றும் அளவு. தளத்தை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கவே கூடாது. விரல் நுனியால் அடிப்பக்கத்தைத் தடவினால் ஒரு சின்னப் பள்ளம் தெரிய வேண்டும். மேடு தட்டினால் தப்பு. இன்னொரு வழி, கேஸைக் கண்ணாடித் தட்டின் மேல் நிமிர்த்தி வைப்பது. ஆடினால் பிரைமர் உயரம். நான் ஒவ்வொரு கேஸையும் பவுடர் போடுவதற்கு முன் விரலால் தடவிவிடுவேன். நூறு கேஸுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

நிரப்பி முடித்த தோட்டாவில் பிரைமர் உயரமாக இருப்பதைப் பார்த்தேன். இன்னொரு அமுக்கு அமுக்கலாமா?

கூடாது. உள்ளே பவுடரும் புல்லட்டும் இருக்கின்றன. அந்த நிலையில் பிரைமரை அமுக்குவது கையில் பிடித்தபடி தோட்டாவை வெடிக்கச் செய்யும் முயற்சி. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கோலெட் புல்லரால் (கவ்வி இழுக்கும் கருவி) புல்லட்டை நிதானமாக இழுத்து எடுங்கள், பவுடரைக் கொட்டுங்கள். சுத்தியல் போல ஓங்கித் தட்டும் புல்லர் பிரைமர் துருத்தி நிற்கும் தோட்டாவுக்கு வேண்டாம். ஒரு தோட்டாவின் விலை சொற்பம்தான். விரல்களை எதற்காகப் பணயம் வைக்க வேண்டும்?

விசையை இழுத்தேன், 'கிளிக்' மட்டும் கேட்டது. உடனே போல்ட்டை (குழலின் பின்வாயை அடைக்கும் பகுதி) திறக்கலாமா?

வேண்டாம். குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். பிரைமர் பற்றி, பவுடர் தாமதமாக எரியத் தொடங்கும் வாய்ப்பு உண்டு. போல்ட்டைத் திறந்த நொடியில் அது நடந்தால் கேஸ் உங்கள் முகத்தருகே வெடிக்கும். காத்திருந்த பிறகு முகத்தை விலக்கிக்கொண்டு திறந்து, பிரைமரில் விழுந்த பள்ளத்தைப் பாருங்கள்.

பள்ளம் ஆழமாக இருந்தால் பிரைமரையும் பவுடரையும் சந்தேகிக்கலாம். மெலிதாக இருந்தால் ரைபிளைப் பாருங்கள். போல்ட்டுக்குள் பழைய கிரீஸ் கெட்டியாகி ஃபயரிங் பின் மெதுவாக வருகிறதா, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா, கேஸின் தோள்பகுதியை (வாயை நோக்கிக் குறுகும் சரிவு) அளவுக்கு மீறிப் பின்னுக்குத் தள்ளிவிட்டீர்களா என்று வரிசையாகச் சரிபார்க்க வேண்டும். வெறும் 'கிளிக்' ஆக இல்லாமல் 'டப்' என்று சின்னச் சத்தத்தோடு ஏதோ வெடித்தது போலிருந்தால் இன்னும் எச்சரிக்கை: பவுடர் இல்லாமல் பிரைமர் மட்டும் எரிந்து, புல்லட் குழலுக்குள் சிக்கியிருக்கலாம். குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது.

பிரைமர் குழிக்குள் போக மறுக்கிறது. நசுங்குகிறது.

கேஸின் அடியில் என்ன முத்திரை இருக்கிறது? 'எல்சி' என்ற லேக் சிட்டி ஆலையின் எழுத்தும், வட்டத்துக்குள் சிலுவைக் குறியும் இருந்தால் அது ராணுவத்துக்குச் செய்த கேஸ். இயந்திரத் துப்பாக்கியில் பிரைமர் கழன்று விழாமலிருக்க குழியின் விளிம்பை உள்நோக்கி மடக்கிவிடுவார்கள். பழைய பிரைமரை எடுத்த பிறகும் அந்த மடிப்பு அப்படியே நிற்கும். ஸ்வேஜர் கருவியால் அதை அழுத்தி விரிக்கலாம், அல்லது ரீமரால் செதுக்கி எடுக்கலாம். ஒரு கேஸுக்கு ஒருமுறை செய்தால் போதும். ரீமரில் கை அழுத்திவிட்டால் குழி விரிந்து கேஸ் வீணாகும். ஆகவே எனக்கு ஸ்வேஜர்தான் பிடிக்கும்.

ராணுவ கேஸ் இல்லையென்றால் அளவு மாறிவிட்டதா என்று பாருங்கள். பெரிய பிரைமர் 0.210 அங்குல விட்டம், சிறியது 0.175. அதே .308 வின்செஸ்டர் வகைத் தோட்டாவின் கேஸ் இரண்டு விதக் குழியோடும் விற்பனைக்கு வருகிறது. லாபுவா நிறுவனத்தின் பால்மா கேஸில் சிறிய குழிதான். ரேஞ்சில் (சுடும் பயிற்சி மைதானம்) பொறுக்கிய கேஸ்களில் இரண்டும் கலந்து கிடப்பது சகஜம்.

எந்தக் காரணமாக இருந்தாலும், போகவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். நிறுத்திவிட்டு கேஸை எடுத்துப் பாருங்கள்.

எதிர்மாறாக, பிரைமர் தடையே இல்லாமல் உள்ளே விழுகிறது.

குழி விரிந்துவிட்டது. நல்ல கேஸ் பலமுறை சுட்ட பிறகு மெதுவாக விரியும். அதிக அழுத்தத்தில் சுட்டால் இரண்டு மூன்று தடவையிலேயே விரியும். சுட்ட கேஸில் பிரைமரைச் சுற்றிக் கருப்பு வளையம் தெரிந்தால் அந்த வழியாக வாயு கசிந்திருக்கிறது, அது போல்ட்டின் முகத்தை அரித்துவிடும். குழியைச் சுருக்க வழி சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் போவதில்லை. கேஸை இடுக்கியால் நசுக்கிப் பழைய பித்தளையோடு போட்டுவிடுகிறேன், மறுபடியும் தவறிப்போய்க்கூட கைக்கு வராதபடி. ஒரே தொகுதியில் பல கேஸ்கள் சீக்கிரம் விரிந்தால் பவுடர் அளவைக் குறையுங்கள்.

சுட்ட பிரைமர் தட்டையாகிவிட்டது. அழுத்தம் அதிகமா?

இதற்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். பிரைமர் ஒரு சாட்சி. தீர்ப்புச் சொல்ல அது ஒன்று போதாது.

.308 வின்செஸ்டருக்கு அமெரிக்க உற்பத்தியாளர் சங்கம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. .30-30 வின்செஸ்டருக்கு 42,000. முதல் வகையில், முற்றிலும் சரியான தோட்டாவிலும் பிரைமரின் ஓரம் கொஞ்சம் தட்டையாகவே இருக்கும். இரண்டாவதில் பிரைமர் வட்டமாக அழகாக இருந்தும் அழுத்தம் அந்த ரைபிளுக்கு எல்லை மீறியிருக்க முடியும். மெல்லிய கிண்ணம் கொண்ட பிரைமர் சீக்கிரம் தட்டையாகும், தடித்தது ஆகாது. ஆக, பிரைமரைப் பார்த்து அழுத்தத்தை எண்ணில் சொல்லவே முடியாது.

இன்னொரு காரணம் பலரையும் ஏமாற்றுகிறது. சைஸிங் டையை (சுட்டு விரிந்த கேஸை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) கீழே அதிகமாக இறக்கி, கேஸின் தோளைத் தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளிவிட்டால், ரைபிளின் தோட்டா அறைக்குள் கேஸுக்கு முன்னும் பின்னும் இடைவெளி வந்துவிடும். விசையை இழுத்ததும் ஃபயரிங் பின் கேஸை முன்னால் தள்ளுகிறது. அழுத்தம் ஏறும்போது பிரைமர் முதலில் குழியிலிருந்து வெளியே வந்து போல்ட்டில் மோதுகிறது. அப்புறம் கேஸின் உடல் நீண்டு பின்னால் வந்து, வெளியே நிற்கும் பிரைமரின் மேல் ஏறி அதை நசுக்குகிறது. விளைவு, காளான் குடைபோல விரிந்து தட்டையான பிரைமர். பவுடரைக் குறைத்தாலும் இது தீராது. டையைத் திருத்த வேண்டும். போல்ட் ரைபிளுக்குத் தோளை 0.001 முதல் 0.002 அங்குலம் பின்னுக்குத் தள்ளினால் போதும். தானாக இயங்கும் ரைபிளுக்கு 0.003 அல்லது சற்றே கூடுதல்.

மேலே சொன்ன கோளாறு இருக்கிறதென்று தோன்றினால் ஒரு பேப்பர் கிளிப்பை நீட்டி, நுனியைச் சிறிய கொக்கியாக வளைத்து, கேஸின் வாய்வழியே விட்டு உட்சுவரை அடியிலிருந்து மேலே தடவிப் பாருங்கள். அடித்தளத்துக்குச் சற்று மேலே கொக்கி ஒரு பள்ளத்தில் தட்டி நின்றால், அந்த இடத்தில் பித்தளை மெலிந்துவிட்டது. இன்னும் ஓரிரு தடவையில் கேஸ் அங்கேயே இரண்டாக அறுந்துவிடும். வெளிப்பக்கத்தில் பளபளப்பான வளையமும் தெரியலாம்.

உண்மையான அதிக அழுத்தம் தனியாக வராது. போல்ட்டைத் தூக்க இறுகும், கேஸின் அடியில் எஜெக்டரின் (கேஸை வெளியே தள்ளும் பகுதி) பளபளப்பான வட்டத் தடம் விழும், குழி தளரும். இவற்றில் ஒன்று பிரைமரோடு சேர்ந்து தெரிந்தாலே நிறுத்திவிட வேண்டும்.

பிரைமர் குழியை விட்டு வெளியே துருத்தி நிற்கிறது, ஆனால் தட்டையாகவில்லை.

அழுத்தம் குறைவு. பிரைமர் வெளியே வந்தது, கேஸைப் பின்னால் இழுத்து அதை மறுபடி உட்கார வைக்கும் அளவுக்குச் சக்தி இல்லை. லெவர் வகை .30-30 ரைபிளில் மென்மையான லோடு (குறைந்த பவுடர் அளவு) சுடுகிறவர்கள் இதை அடிக்கடி பார்ப்பார்கள்.

ஃபயரிங் பின் அடித்த பள்ளத்தைச் சுற்றி வளையமாக மேடு எழும்பியிருக்கிறது.

பிரைமர் உலோகம் ஃபயரிங் பின்னின் துளைக்குள் பிதுங்கியிருக்கிறது. அழுத்தம் காரணமாக இருக்கலாம். போல்ட்டில் அந்தத் துளை பின்னைவிடப் பெரிதாக இருப்பதும் காரணமாக இருக்கலாம். அதே ரைபிளில் தொழிற்சாலைத் தோட்டாவைச் சுட்டுப் பாருங்கள். அதிலும் அதே மேடு வந்தால் ரைபிளின் குணம் அது. தொந்தரவாக இருந்தால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து துளையைச் சின்னதாக்கிப் பொருத்தமான பின் போடச் சொல்லலாம்.

பிரைமரில் ஓட்டையே விழுந்துவிட்டது.

சுடுவதை நிறுத்துங்கள். ஓட்டை வழியாகச் சூடான வாயு போல்ட்டுக்குள் பாய்ந்திருக்கிறது. வெட்டுப்பட்ட சின்ன உலோக வட்டம் உள்ளே கிடந்து அடுத்த அடியைத் தடுக்கும். போல்ட்டைப் பிரித்து எடுக்க வேண்டும். பின்னின் நுனி குழிவிழுந்து கூராகியிருந்தால் அதுவே அடுத்த பிரைமரையும் துளைக்கும்.

காரணம் அழுத்தமாக இருக்கலாம், அல்லது கிண்ணம் மெல்லிய பிரைமரை அழுத்தம் அதிகமான தோட்டாவில் போட்டதாக இருக்கலாம். ரெமிங்டனின் 6½ பிரைமர் .22 ஹார்னெட் போன்ற மென்மையான தோட்டாக்களுக்கு உரியது; .223-க்கு அந்த நிறுவனத்தின் 7½ இருக்கிறது. சிசிஐ நிறுவனத்தின் பிரைமர்களில் 400-ஐவிட 450-க்குத் தடித்த கிண்ணம்.

கையில் இருக்கும் பிரைமரை மாற்றிப் போடலாமா? எல்லாம் ஒரே அளவுதானே?

2020-ல் தொடங்கிய தட்டுப்பாட்டின்போது கிடைத்ததைப் போட்டுச் சமாளித்தவர்கள் நிறையப் பேர். அதனால் இந்தக் கேள்வி இப்போதும் வருகிறது. பெரிய பிஸ்டல் பிரைமரும் பெரிய ரைபிள் பிரைமரும் விட்டத்தில் ஒன்று, உயரத்தில் வேறு. ரைபிள் பிரைமரைப் பிஸ்டல் கேஸில் வைத்தால் துருத்தி நிற்கும். சிறிய பிஸ்டல் பிரைமர் சிறிய ரைபிள் குழியில் ஒழுங்காகவே உட்காரும், ஆனால் கிண்ணம் மெலிது. ரைபிள் அழுத்தத்தில் துளைபடும்.

ரைபிள் பிரைமருக்குப் பதில் வேறொரு ரைபிள் பிரைமர் என்றால் போடலாம், ஆனால் லோடை மீண்டும் தொடக்க அளவிலிருந்து ஏற்றி வர வேண்டும். சாதாரண பிரைமருக்குப் பதில் மேக்னம் பிரைமர் (கூடுதல் சூட்டோடு எரிவது) போட்டால் அழுத்தம் ஏறலாம்.

ஏஆர்-15, எம்1 காரண்ட் போன்ற, தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிள்களுக்குத் தனிக் கவனம் தேவையா?

தேவை. இவற்றில் ஃபயரிங் பின்னைப் பின்னால் பிடித்து வைக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட் முன்னால் பாய்ந்து நிற்கும்போது பின் தன் வேகத்தில் பிரைமரை லேசாகத் தொடும். ஏற்றிய தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தால் அந்தச் சின்னத் தடம் தெரியும். பிரைமர் உயரமாக இருந்தால், அல்லது மிக உணர்ச்சியுள்ளதாக இருந்தால், விசையைத் தொடாமலே வெடிக்கக்கூடும். அதற்காகவே சிசிஐ 34 (பெரியது), 41 (சிறியது) என்ற இரண்டு பிரைமர்கள் ராணுவ அளவுகோலில் வருகின்றன. அவை கிடைத்தாலும் விரலால் தடவிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

குளிர்காலத்தில் மட்டும் தாமதமாக வெடிக்கிறது.

முதலில் போல்ட்டிலுள்ள கிரீஸைத் துடைத்து எடுத்துவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் பவுடர் வகையைப் பாருங்கள். உருண்டை வடிவ பவுடர் பற்றுவதற்குக் கூடுதல் சூடு கேட்கும், மேக்னம் பிரைமர் உதவும். சிறிய பிரைமர் குழி கொண்ட பெரிய கேஸ்களிலும் கடுங்குளிரில் இந்தத் தொல்லை வரும்.

டீகேப்பிங் பின் (பழைய பிரைமரைத் தள்ளி எடுக்கும் ஊசி) உடைந்துகொண்டே இருக்கிறது.

கேஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு துளைக்குப் பதில் ஓரமாக இரண்டு துளைகள் இருந்தால் அது பெர்டன் கேஸ். சாதாரண டைக்கு ஒத்துவராது, ஒதுக்கிவிடுங்கள். ஒரே துளைதான் என்றால் அது சின்னத் துளையாக இருக்கலாம். வழக்கமான துளை 0.080 அங்குலம். சிறிய குழி கொண்ட சில கேஸ்களில் 0.060 அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். மெல்லிய பின் வாங்க வேண்டும். வால்நட் ஓட்டுத் துகள் போட்டு மெருகேற்றிய கேஸில் துகள் துளையை அடைத்திருப்பதும் உண்டு.

எண்ணெயோ தண்ணீரோ பட்ட பிரைமர் செத்துவிடுமா?

சிலசமயம் சாகும், சிலசமயம் சாகாது; அதுதான் சிக்கல். நனைந்து காய்ந்த பிரைமர் வெடித்துவிடக்கூடும். ஆகவே "எண்ணெயில் ஊறவைத்தேன், இனி ஆபத்தில்லை" என்று குப்பையில் போடாதீர்கள். கையில் லூப் (கேஸுக்குத் தடவும் மசகு) ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டுத் தொடுங்கள், தண்ணீரில் கழுவிய கேஸை நன்றாகக் காயவைத்த பிறகே பிரைமர் வையுங்கள்.

தப்பாக வைத்த, சுடாத பிரைமரைத் தள்ளி எடுக்கலாமா?

பவுடரும் புல்லட்டும் இல்லாத கேஸ் என்றால், ரேஞ்சுக்கு எடுத்துப் போய் ரைபிளில் ஏற்றி, குழலை இலக்குப் பக்கம் வைத்து வெறும் பிரைமரைச் சுட்டுவிடுவதே நான் சொல்லும் வழி. பிரஸ்ஸில் மெல்லத் தள்ளி எடுக்கிறவர்கள் உண்டு, அவர்களும் கண்ணாடி போடாமல் செய்வதில்லை. சுத்தியலால் தட்டி எடுக்கும் வேலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

எப்படிச் சேமிப்பது?

வந்த டப்பாவிலேயே. டப்பாவில் ஒவ்வொரு பிரைமரும் தனித்தனிக் குழியில் இருப்பது, ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பது தொற்றிக்கொள்ளாமல் இருக்கத்தான். இடம் மிச்சமென்று கண்ணாடி ஜாடியில் கொட்டி வைத்தால் அது வெடிகுண்டு. மொத்தமும் ஒரே நொடியில் போகும், கண்ணாடிச் சில்லோடு. காற்றுப்புகாத கனமான இரும்புப் பெட்டியிலும் பூட்டி வைக்க வேண்டாம். குளிர்ச்சியான, உலர்ந்த அலமாரியில், பவுடரிலிருந்து விலக்கி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 495-ம் எண் விதிமுறை வீட்டில் 10,000 பிரைமர் வரை வைக்கலாம் என்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் அதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும்.

பிரைமர் சாம்பலால் உடம்புக்குக் கேடு உண்டா?

உண்டு. எரிந்த பிரைமரில் ஈயம் இருக்கிறது. பழைய பிரைமர்களைத் தள்ளி எடுக்கும்போதும், மெருகேற்றும் டிரம்மைத் திறக்கும்போதும் பறக்கும் தூசியில் அது கலந்திருக்கும். சாப்பாட்டு மேசையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள், செய்துகொண்டே காபி குடிக்காதீர்கள். டிரம்மை வீட்டுக்கு வெளியே வைத்துத் திறந்து, முடித்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், வேலை செய்த சட்டையை மாற்றிய பிறகே அவர்கள் பக்கம் போங்கள். அடிக்கடி நிரப்புகிறவர்கள் ஆண்டுக்கொருமுறை மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவைச் சோதித்துக்கொள்ளலாம்; சாதாரண ரத்தப் பரிசோதனையோடு சேர்த்தே எடுத்துவிடுவார்கள்.